7 மாதத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, நிறைமாதத்தில் பிறந்த பையன், தாமதமான பேச்சு

மல்லிச்சரம் | செவ்வாய், இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் பையனுக்கு 4 வயது 2 மாதம். அவன் வயிற்றில் இருந்தபோது 31வது வாரத்தில் வயிறு இறுகி இறுகி விட ஆரம்பித்தது. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை. ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேனில் கர்ப்பவாய் நீளம் குறைந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று சொல்லி இடுப்பில் ஒரு ஊசி, மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொரு ஊசி. குழந்தையின் நுரையீரலுக்கு என்று நர்ஸ் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இறுக்கம் தானாக அடங்கிவிட்டது. அம்மா வீட்டில் முக்கால்வாசி நேரம் படுத்தே கிடந்து, கடைசியில் 38 வாரம் 4 நாளில் சுகப்பிரசவம். 2 கிலோ 700. பிறந்ததும் நன்றாக அழுதான்.

குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது எல்லாம் அந்தந்தக் காலத்தில்தான். பேச்சுதான் வரவில்லை. 2 வயதில் அஞ்சாறு வார்த்தை. 3 வயதிலும் வாக்கியம் இல்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். ஆம்பளப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும், அவன் அப்பாவும் அப்படித்தான் என்று மாமியார் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். இப்போது எல்கேஜி டீச்சர் கூப்பிட்டு, ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான், நாம் சொல்வது புரிகிறதா என்றே தெரியவில்லை என்றார்.

போன வாரம் பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரி: இன்ஜெக்‌ஷன் பெட்டாமெத்தசோன் 12 மி.கி., இரண்டு டோஸ். அந்தப் பெயரைப் போனில் தேடிப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பின்லாந்தில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போது இந்த ஊசி பட்ட பிள்ளைகளுக்கு மனநல, நடத்தைக் கோளாறுகள் அதிகமாம். அதிலும் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு. அப்படியே என் பையன் கதை.

இந்த ஊசியால்தானா? விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.


இரட்டையர்அப்பா | புதன், காலை 6.10

தங்கச்சி, என் கதையையும் கேளுங்கள். எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், 29 வாரத்தில் பிறந்தார்கள். ஒன்று 1 கிலோ 140, இன்னொன்று 980 கிராம். ஊசி இரண்டும் போட்டு முடிந்த 30வது மணி நேரத்தில் பிரசவம். அந்த ஊசி போடாமல் இருந்திருந்தால் இரண்டும் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். 980 கிராம் என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. என் கல்யாண மோதிரம் அவள் முழங்கை வரை ஏறியது. இப்போது 7 வயது, இரண்டு பேரும் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த ஊசியை விஷம் மாதிரி யாரும் பேசிவிடக் கூடாது என்று முதலிலேயே எழுதுகிறேன்.


செம்பருத்தி_சிஸ்டர் | புதன், காலை 9.35

நான் 26 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியர். அதில் 14 வருடம் பச்சிளங்குழந்தை வார்டு.

முதலில் எதற்கு இந்த ஊசி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பயம் 'ஸ்டீராய்டு' என்ற பெயரிலேயே இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்று ஒரு வழுவழுப்பான பொருள் வேண்டும். அது போதிய அளவு சுரக்க 34, 35 வாரம் ஆகும். அதுவரை பொறுக்க நேரமில்லாதபோது, அம்மாவுக்குப் போடும் இந்த ஊசி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் நுரையீரலை அவசரமாக முதிர வைக்கிறது. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டு நாள்கூட இருக்கவில்லை. அந்த வீட்டுக்கே அப்போது வழியில்லை.

இதைக் கண்டுபிடித்தது நியூசிலாந்தில். ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நுரையீரலைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. ஸ்டீராய்டு செலுத்தியதில் சீக்கிரமே பிறந்துவிட்ட ஒரு குட்டி, பிழைக்க வாய்ப்பே இல்லாத நாள்கணக்கு, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் குழந்தை மருத்துவர் ஹோவியோடு சேர்ந்து தாய்மார்களிடம் சோதனை செய்தார். 1972இல் வெளியிட்டார்கள். 282 தாய்மார். ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் நோய் 9 சதவீதம், போடாதவர்களில் 25.8. முதல் வாரத்துச் சாவு 3.2 சதவீதம், போடாதவர்களில் 15.

அந்த 15, அந்த 3 எல்லாம் நான் கையில் ஏந்திய பிள்ளைகள். 90களில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊசி போடாமல் எங்கிருந்தோ ஆம்புலன்சில் வரும் 30 வாரக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழியும். அந்த முனகல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த ஊசி மூளைக்கும் காவல்தான். மூளைக்குள் ரத்தம் கசிவதை நன்றாகக் குறைக்கிறது. ஆக்லாந்துக் குழந்தைகளை 30 வயதில் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். அறிவு, ஞாபகம், மனநலம் எதிலும் வித்தியாசம் இல்லை. சர்க்கரை கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்தது, அது மட்டும்தான். 50 வயதிலும் பார்த்தார்கள், இதயநோய் கூடவில்லை.

ஆனால் உங்கள் பையன் 38 வாரத்தில் பிறந்தவன். அங்கேதான் கேள்வியே. அதைக் கணக்கு தெரிந்த யாராவது விளக்கினால் நல்லது.


கூட்டல்கழித்தல் | புதன், மதியம் 2.20

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் என் மனைவிக்கும் 33 வாரத்தில் இந்த ஊசி போட்டு, மகள் 37 வாரத்தில் பிறந்தாள். அதனால் இதை வேலைக்காக இல்லாமல் வீட்டுக்காகப் படித்தேன்.

மல்லிச்சரம், நீங்கள் படித்தது 2020இல் வந்த பின்லாந்து ஆய்வு. 6,70,097 குழந்தைகள். அதில் 14,868 பேருக்கு வயிற்றில் இருந்தபோது இந்த ஊசி. ஊசி பட்டவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் கடைசியில் நிறைமாதத்தில்தான் பிறந்தார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களை மட்டும் எடுத்து மற்ற காரணங்களைச் சரிசெய்தால் ஊசி போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை. நிறைமாதத்தில் பிறந்தவர்களில் ஏதாவது ஒரு மனநல, நடத்தை, வளர்ச்சிக் கோளாறு பதிவானது ஊசி பட்டவர்களில் 8.89 சதவீதம், படாதவர்களில் 6.31 சதவீதம். பேச்சுத் தாமதம், கவனக்குறைவு, ஆட்டிசம், தூக்கக் கோளாறு எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம்.

இதை இப்படிப் பாருங்கள். ஊசி படாத 100 நிறைமாதக் குழந்தைகளில் 6 பேருக்கு எப்படியும் வருகிறது. ஊசி பட்ட 100 பேரில் 9 பேருக்கு. இந்த 9 பேரில் ஆறு பேருக்கு ஊசி இல்லாவிட்டாலும் வந்திருக்கும். யார் அந்த ஆறு, யார் அந்த மூன்று என்று பிரித்துக் காட்ட எந்த ஸ்கேனும் கிடையாது, எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. உங்கள் பையனைக் காட்டி ஊசியால்தான் என்று ஒருவர் சொன்னாலும் சரி, ஊசியால் இல்லை என்று சத்தியம் செய்தாலும் சரி, இரண்டு பேருமே தெரியாததைச் சொல்கிறார்கள்.

அந்த மூன்றும்கூட முழுக்க ஊசியின் கணக்கு இல்லை. ஊசி யாருக்குப் போடுகிறார்கள்? வலி முன்னதாக வந்தவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள், கிருமித்தொற்று உள்ளவர்கள். 31 வாரத்தில் வயிறு இறுகக் காரணமாக இருந்த அதுவே குழந்தையின் மூளையையும் தொட்டிருக்கலாம். பின்லாந்துக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவருக்கு ஊசி பட்டு மற்றவருக்குப் படாத வீடுகளைத் தனியாக எடுத்து ஒப்பிட்டார்கள். அப்போதும் தொடர்பு மறையவில்லை. ஆகவே இதைத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. ஆனால் ஒரே தாய்க்கும் இரண்டு கர்ப்பம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இந்த மாதிரிச் சிக்கலை அவிழ்க்கச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கும் சோதனைதான் வழி. பிரிட்டனில் 2005இல் ஒன்று வந்தது. நிறைமாதத்தில் சிசேரியன் தேதி குறித்த 998 தாய்மாருக்கு, பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. மூச்சுக் கோளாறுக்காகக் குழந்தையைத் தனி வார்டில் சேர்ப்பது 5.1 சதவீதத்திலிருந்து 2.4 ஆகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அதே பிள்ளைகள் 8 முதல் 15 வயதில் இருக்கும்போது விசாரித்தார்கள். படிப்பில் கடைசிக் கால் பங்கில் இருப்பவர் என்று பள்ளி சொன்னது ஊசி பட்டவர்களில் 17.7 சதவீதம், படாதவர்களில் 8.5. பெற்றோர் நிரப்பிய நடத்தைக் கேள்வித்தாளில் வித்தியாசம் இல்லை. பதில் அனுப்பியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்தது. அமெரிக்காவில் 34 முதல் 36 வாரத்தில் பிரசவமாகக்கூடும் என்ற நிலையில் இருந்த 2,800க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த சோதனை. 2016இல் வந்த முடிவில் மூச்சுக் கோளாறு குறைந்தது, பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது 15 சதவீதத்திலிருந்து 24 ஆகக் கூடியது. சர்க்கரை இறங்குவது மூளைக்கு ஆகாதே என்று எல்லோரும் பயந்தார்கள். அந்தக் குழந்தைகளில் 949 பேரை 6 வயதுக்கு மேல் பரீட்சித்து 2024இல் வெளியிட்டார்கள். அறிவுத்திறன் மதிப்பெண் 85க்குக் கீழே வாங்கியவர்கள் ஊசி பட்டவர்களில் 17.1 சதவீதம், படாதவர்களில் 18.5. அதாவது வித்தியாசம் இல்லை.


மல்லிச்சரம் | புதன், இரவு 10.45

சார், மூன்று தடவை படித்தேன். நன்றி. தெரியாது என்பதுதான் பதில் என்று இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 31 வாரத்தில் எனக்கு நிஜமாகவே வலியா என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்களா? போனதும் ஒரு ஸ்கேன், உடனே ஊசி. ஏன் எதற்கு என்று கணவருக்கும் சொல்லவில்லை.


பாலாற்றங்கரை | வியாழன், காலை 7.05

அவசரம். என் தங்கைக்கு 30 வாரம். ரத்த அழுத்தம் 160க்கு மேல், காலெல்லாம் வீக்கம். நேற்று ராத்திரி சேர்த்திருக்கிறோம். இன்று ஸ்டீராய்டு ஊசி போடப் போகிறார்களாம். இந்த இழையைப் படித்துவிட்டு அம்மா, வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுடலாமா என்கிறார். யாராவது உடனே சொல்லுங்கள்.


செம்பருத்தி_சிஸ்டர் | வியாழன், காலை 7.12

தம்பி, வேண்டாம் என்று சொல்லவே கூடாது. ஊசியைப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை நிலைமை வேறு. 30 வாரத்தில் இந்த அளவு பிரஷர் என்றால் குழந்தையைச் சில நாட்களில் எடுத்தே ஆக வேண்டி வரலாம். அந்த ஊசிக்கு முழுப் பலன் கிடைப்பது போட்ட 24 மணி நேரத்திலிருந்து 7 நாளுக்குள் பிறக்கும் குழந்தைக்குத்தான். உங்களிடம் இருப்பது அந்த நேரம்தான், அதைப் பேச்சில் கழிக்காதீர்கள். தங்கைக்குச் சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள், இந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு அதே இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

அம்மாவிடம் போனைக் கொடுங்கள், நான் தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.


பாலாற்றங்கரை | வியாழன், காலை 8.40

பேசினதுக்கு ரொம்ப நன்றி சிஸ்டர். முதல் ஊசி போட்டாச்சு. டெக்சாமெத்தசோன் என்றார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு. மேலே பெட்டாமெத்தசோன் என்று எழுதியிருக்கிறதே, வேற மருந்தா?


செம்பருத்தி_சிஸ்டர் | வியாழன், காலை 8.55

கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மருந்து. அரசு மருத்துவமனைகளில் டெக்சா 6 மி.கி. நாலு தடவை, இதுதான் மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் கொடுத்த வழிமுறை, 24 முதல் 34 வாரம் வரைக்கும். விலை குறைவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். கிராமத்துச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று அதில் இருக்கிறது.


நீலாம்பரி_கோவை | வியாழன், மாலை 4.30

எங்கள் கதை வேறு மாதிரி, ஆனால் இந்த இழையில் சொல்ல வேண்டியது.

என் மூத்த மகளுக்கு சி.ஏ.எச். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி இல்லை. பெண் குழந்தையாக இருந்தால் வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் கூடி, பிறப்புறுப்பு மாறிய தோற்றத்தோடு பிறக்கும். அவள் பிறந்த அன்று பெண்ணா ஆணா என்று சொல்லவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளைப் பற்றி நான் இங்கே எழுதமாட்டேன்.

இரண்டாவது கர்ப்பத்தின்போது தேடியதில், 1980களில் பிரான்சில் தொடங்கிய ஒரு சிகிச்சை பற்றித் தெரிந்தது. கர்ப்பம் தரித்த முதல் சில வாரங்களிலேயே அம்மா தினமும் டெக்சாமெத்தசோன் மாத்திரை சாப்பிட வேண்டும். பெண் குழந்தைக்கு அந்த மாற்றம் வராமல் தடுக்கலாம். கேட்டதும் உயிர் வந்தது போல இருந்தது. எங்கள் ஹார்மோன் டாக்டரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று அழுதேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து எட்டுக் கட்டம் போட்டார். நோய் வர வாய்ப்பு நாலில் ஒன்று. அதில் பெண்ணாக இருக்க வாய்ப்பு பாதி. எட்டில் ஒரு கட்டத்தை மட்டும் பேனாவால் நிரப்பினார். 'இந்த ஒரு குழந்தைக்காக மற்ற ஏழு குழந்தைகளும், நோயே இல்லாதவர்கள், ஆண் பிள்ளைகள், எல்லோரும் இந்த மருந்தைக் குடிக்கிறார்கள்' என்றார். அதுவும் ஆறு, ஏழு வாரத்திலிருந்து, மூளை உருவாகும் காலத்தில். உங்களுக்கெல்லாம் போட்டது போல ஒன்றிரண்டு நாள் இல்லை. நோய் இல்லை என்று உறுதியாகும் வரைக்கும் வாரக்கணக்கில்.

சுவீடனில் அந்த ஏழு கட்டத்தில் வரும் குழந்தைகளை விடாமல் கவனித்தார்கள். 2007இல் வந்த ஆய்வில், நோய் இல்லாமலேயே மருந்து பட்ட பிள்ளைகளுக்கு, காதால் கேட்டதை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன் குறைவாக இருந்தது. படிப்பில் நான் கெட்டிக்காரன் இல்லை என்று அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னார்கள். சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 2010இல் சுவீடன் புதிதாக யாருக்கும் இந்தச் சிகிச்சையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இதை ஆராய்ச்சிக் குழுவின் அனுமதியோடு மட்டுமே தரலாம் என்பதுதான் பன்னாட்டு ஹார்மோன் மருத்துவர்களின் நிலை. பின்னாளில் அந்தப் பிள்ளைகளே பெரியவர்களானதும் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை என்றும் வந்திருக்கிறது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அந்த ஏழு கட்டத்துப் பிள்ளைகளை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் மாத்திரை சாப்பிடவில்லை. மகன் பிறந்தான், நோய் இல்லை. அவன் அந்த ஏழில் ஒருவன்.


முல்லைக்கொடி | வியாழன், இரவு 9.15

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச்சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். கர்ப்பம் முழுக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். இதையெல்லாம் படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. மகளுக்கு ஒன்றரை வயது, நன்றாகத்தான் இருக்கிறாள்.


கூட்டல்கழித்தல் | வியாழன், இரவு 9.50

நடுங்க வேண்டாம் சகோதரி. நச்சுக்கொடியில் ஒரு நொதி காவலுக்கு நிற்கிறது. தாயின் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோலில் பெரும்பங்கை அது செயலிழக்கச் செய்துதான் குழந்தைப் பக்கம் விடுகிறது. பிரெட்னிசோலோனையும் அப்படியே. பத்தில் ஒரு பங்குதான் குழந்தைக்குப் போகும். டெக்சாவும் பெட்டாவும் அந்தக் காவலில் சிக்காத மருந்துகள், அதனால்தான் குழந்தையின் நுரையீரலுக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் நோய்க்கு மருந்தை நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் மகளுக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிறந்த பிறகு, வெண்டிலேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கே நேராக டெக்சா கொடுப்பது 90களில் பரவலாக இருந்தது. அதில் பெருமூளை வாதம் கூடுகிறது என்று தெரிந்து 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எச்சரித்தது. இணையத்தில் தேடும்போது அதுவும் இதுவும் கலந்து வரும். அது வேறு.


கரிசல்மண் | வெள்ளி, காலை 11.00

என் அக்காவுக்கு 2004இல் வாராவாரம் போட்டார்கள். 28 வாரத்தில் தொடங்கி ஐந்து தடவை. அந்தப் பையன் 36 வாரத்தில் 1 கிலோ 900இல் பிறந்தான். இன்று இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இப்போது ஏன் அப்படிப் போடுவதில்லை?


செம்பருத்தி_சிஸ்டர் | வெள்ளி, மதியம் 1.40

அப்போது நாங்களும் அப்படித்தான் போட்டோம். ஒன்று நல்லது என்றால் ஐந்து இன்னும் நல்லது என்ற எண்ணம். எந்தக் கெட்ட நோக்கமும் இல்லை.

அப்புறம் சோதனை முடிவுகள் வந்தன. 14 நாளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போட்ட 2008ஆம் வருடச் சோதனையில் குழந்தைகளுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. எடை சராசரியாக 100 கிராமுக்கு மேல் குறைந்தது, தலைச் சுற்றளவும் குறைந்தது. அந்தப் பிள்ளைகளை 5 வயதில் பார்த்தபோது மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் நிறைமாதத்தில் பிறந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், பல தடவை ஊசி பட்டவர்களில் வளர்ச்சிக் குறைபாடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 2, 3 வயதில் பெருமூளை வாதம் பல தடவை போட்டவர்களில் 6 பேர், ஒரு தடவை போட்டவர்களில் 1. எண்ணிக்கை சின்னது, உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் கை தயங்கும் இல்லையா. இப்போது ஒரு சுற்று, மிக அவசியம் என்றால் சில வாரம் கழித்து இன்னொரு சுற்று.

மல்லிச்சரம், உங்கள் உறுத்தலுக்கு நேற்றிலிருந்து பதில் தேடுகிறேன். உங்களைச் சேர்த்த அன்று நான் அங்கே இல்லை, அதனால் அவர்கள் செய்தது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கர்ப்பவாய் குறைந்து, வயிறும் இறுகுகிறது என்றால் 31 வாரத்தில் நானும் மருந்தை ஏற்றிக்கொண்டுதான் நின்றிருப்பேன். ஆனால் எதற்கு, என்ன பலன், என்ன சந்தேகம் பாக்கி இருக்கிறது என்று உங்களிடம் இரண்டு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். அது உங்களுக்குச் சேர வேண்டியது, கிடைக்கவில்லை. அந்த வருத்தம் நியாயம்.

யாருக்கு நிஜமாகவே பிரசவமாகும் என்று ஆள் பார்த்துப் போடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. ஆறு நாடுகளில், இந்தியாவில் பெலகாவியிலும் நாக்பூரிலும், கிராம மட்டத்திலேயே இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. மொத்தக் குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 3.5 கூடியிருந்தது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியிருந்தது. வாரக்கணக்கு சரியாகத் தெரியாத இடத்தில் ஊசி பட்டவர்களில் நிறையப் பேர் குறைமாதக்காரர்களே இல்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஸ்கேனில் வாரத்தை உறுதிசெய்து, பச்சிளங்குழந்தை வார்டு உள்ள மருத்துவமனைகளில் மட்டும் சோதித்தது. 2020இல் வந்தது. குழந்தைச் சாவு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆக இறங்கியது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து அதே டெக்சாதான்.


தாமிரபரணிக்காரி | வெள்ளி, இரவு 8.25

நான் பேச்சுப் பயிற்சியாளர். மல்லிச்சரம், நாலு நாளாக எல்லோரும் ஊசியைப் பற்றியே பேசிவிட்டோம். பையனைப் பற்றி நான் கேட்கிறேன்.

காது பரிசோதனை செய்தீர்களா? நீங்கள் எழுதியதில் எங்கேயும் இல்லை. கைதட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. பெயரைக் கூப்பிட்டால் பார்க்கிறானா? நீங்கள் வானத்தைக் காட்டினால் உங்கள் விரலைப் பார்க்கிறானா, வானத்தைப் பார்க்கிறானா? தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுவானா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது, காசு கிடையாது. அங்கே குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில். திங்கட்கிழமையே போங்கள். ஃபைலையும் எடுத்துப் போங்கள், ஊசி விவரத்தையும் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் அதனால் பயிற்சி மாறாது. ஊசியால் வந்த பேச்சுத் தாமதத்துக்கு ஒரு பயிற்சி, மற்றதற்கு ஒரு பயிற்சி என்று என்னிடம் இல்லை.

4 வயது தாமதம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் என்னிடம் 5 வயதில் வந்து பேசியவர்களும் உண்டு.


பாலாற்றங்கரை | ஞாயிறு, காலை 5.50

நேற்று இரவு சிசேரியன். 30 வாரம் 5 நாள். பெண் குழந்தை, 1 கிலோ 310. மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள், வெண்டிலேட்டர் தேவைப்படவில்லை. தங்கைக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. அம்மா செம்பருத்தி சிஸ்டரிடம் சொல்லச் சொன்னார். முனகல் சத்தம் இல்லையாம்.


மல்லிச்சரம் | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், இரவு 10.10

போய்விட்டு வந்து உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

தூக்க மருந்து கொடுத்துக் காது பரிசோதனை செய்தார்கள், இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. டாக்டர் ஒரு மணி நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினார். பேச்சு, மொழி இரண்டிலும் தாமதம், கவனம் நிற்பதிலும் சிரமம் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க இன்னும் வயது போகட்டும் என்றார். ஊசியைப் பற்றிக் கேட்டேன். ஃபைலில் அந்த வரியைப் படித்துவிட்டு, குறித்துக்கொண்டு, 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அம்மா. நாம் இவனை 6 மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம்' என்றார். உங்கள் எல்லோர் பதிலையும் படிக்காமல் போயிருந்தால் அந்த வார்த்தைக்கு அங்கேயே உடைந்திருப்பேன்.

வாரம் இரண்டு நாள் பயிற்சி. வீட்டில் செய்யச் சொன்னது: அவன் கையைப் பிடித்து இழுத்தால் உடனே எடுத்துக் கொடுக்காமல், பொருளை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் அழுகைதான், மாமியார் எழுந்து வந்து கொடுத்துவிடுவார். இப்போது அவரும் எண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் எட்டு எண்ணும்போது 'பந்து' என்றான். கொடுக்காமல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். 'பந்து குடு' என்றான்.

தாமிரபரணிக்காரி அக்கா, நாளைக்கு நாலாவது வகுப்பு. எல்கேஜி டீச்சருக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கொஞ்சம் எழுதினால், அதை அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.